வெளிநாட்டுக் கணக்கு திறக்கவில்லை, காசு போய்ச் சேரவில்லை: பிழை எங்கே என்று கண்டுபிடிப்பது

யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியின் வெளிநாட்டுக் காசு அனுப்பும் மேசையில் பல வருடம் இருந்தேன். இப்போது வீட்டில்தான். ஆனாலும் பின்னேரங்களில் பைலும் கையுமாகப் பிள்ளைகள் வருகிறார்கள். ஜேர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள்தான் கூட. "அக்கா, காசு அனுப்பி ஆறு நாள், இன்னும் போய்ச் சேரேல்லை" என்று ஒரு பிள்ளை சொல்லும்போது பின்னால் அம்மா சத்தமில்லாமல் நிற்பார். அவருடைய நகையும், காணியும், சுவிஸில் இருக்கும் அண்ணனின் இரவு வேலையும் அந்த ஒரு ரி.ரி.யில், அதாவது வங்கி வழியான ஒரே அனுப்பலில், போயிருக்கும். அதனால் இதை அவசரப்படாமல் எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ஜேர்மனியின் புளொக் எக்கவுண்டை எடுக்கிறேன். படிக்கப் போகிறவரின் வாழ்க்கைச் செலவுக் காசை முன்கூட்டியே போட்டுப் பூட்டி வைக்கும் கணக்கு அது. மாணவர் விசாவுக்கு 2024 செப்டெம்பரிலிருந்து கேட்கும் தொகை வருடத்துக்கு 11,904 யூரோ. அங்கே போனபிறகு மாதம் 992 யூரோவாகக் கைக்கு வரும். வேறு நாடு என்றால் தொகையும் கணக்கு இலக்கத்தின் வடிவமும் மாறும். பிழைகள் பெரும்பாலும் இவையேதான்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். எந்த அறிகுறி என்றாலும், காரணம் தெரியாமல் இரண்டாம் முறை காசு அனுப்பாதீர்கள், இரண்டாவது விண்ணப்பமும் போடாதீர்கள். ஒரே ஆளின் பெயரில் இரண்டு விண்ணப்பம் கிடந்தால் இரண்டும் நிற்கும். முதலாவதைத் தேடுவதும் கடினமாகும்.

"பெயர் பொருந்தவில்லை" என்று விண்ணப்பம் திரும்பி வருகிறது

எங்கள் பக்கத்தில் அதிகம் காணும் பிழை இது. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அப்பாவின் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் தனியாக இருக்கும், அப்பாவின் பெயர் வேறு கட்டத்தில் இருக்கும். வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்தோடு சரி. கடவுச்சீட்டில் இரண்டு பெயரும் விரிந்து கிடக்கும். அங்கத்தைய படிவமோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டிருக்கும். தன் பெயரைக் கடைசியில் எழுதிப் பழகிய பிள்ளை அதைக் கொண்டுபோய்க் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுகிறது.

கடவுச்சீட்டின் படப் பக்கத்தை விரியுங்கள். அடியில் இரண்டு நீளமான வரிகள், ஒவ்வொன்றும் 44 எழுத்து. முதல் வரியின் தொடக்கத்தில் எல்.கே.ஏ. என்ற மூன்று எழுத்து, அது இலங்கை. அதை ஒட்டி வருவது குடும்பப் பெயர். பிறகு அம்புமுனை போன்ற குறி இரண்டு சேர்ந்தாற்போல் வரும். அதற்குப் பின்னால் இருப்பவை மற்றப் பெயர்கள். அந்த வரி உங்கள் பெயரை எப்படிப் பிரிக்கிறதோ அப்படியே படிவத்திலும் பிரியுங்கள். வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள், ரியூஷன் கொப்பியில் எப்படி எழுதினீர்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அங்குள்ள இயந்திரம் வாசிப்பது இந்த வரியைத்தான்.

பிரித்தது சரி, இன்னும் பொருந்தவில்லை என்றால் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். ஒரு பிள்ளையின் அப்பா தர்மலிங்கம். 'லிங்கம்' என்பதன் கடைசிப் பகுதிக்குக் கடவுச்சீட்டில் ஆங்கில ஏ, வங்கிப் புத்தகத்தில் யூ. அந்த வங்கிக் கூற்றையும் கடவுச்சீட்டையும் சேர்த்து ஏற்றியதில் மூன்று கிழமை போனது. இப்படி வந்தால் உங்கள் ஊர் வங்கிக் கணக்கைத் திருத்துவதுதான் சுலபம். கடவுச்சீட்டும் அடையாள அட்டையும் கொண்டுபோய்ப் பெயரை மாற்றி, புதிய கூற்று எடுங்கள்.

கடவுச்சீட்டிலேயே பிழை என்றால் வேறு வழியில்லை, அதைத்தான் திருத்த வேண்டும். முன்பு அதற்கு வவுனியாவுக்கோ கொழும்புக்கோ ஓட வேண்டியிருந்தது. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே, அதாவது மாவட்டச் செயலகத்திலேயே, கடவுச்சீட்டு அலுவலகம் திறந்துவிட்டார்கள். திருத்தியபிறகு கணக்குத் திறங்கள். கணக்கைத் திறந்துவிட்டுக் கடவுச்சீட்டை மாற்றினால் பழைய இலக்கத்தோடு கணக்கும் புதிய இலக்கத்தோடு விசாவுமாக நிற்பீர்கள்.

சமாதான நீதவானிடம் எடுத்த சத்தியக் கடதாசியை நம்பிப் பலர் வருகிறார்கள். ஊர் வங்கிக்கு அது உதவும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்புவதென்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பும், அவர்கள் கேட்டால் கொன்சியூலர் அத்தாட்சியும் வேண்டும்.

முகவரிச் சான்றை ஏற்கவில்லை

மின்சாரக் கட்டணப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், யாருடைய பெயர்? முக்கால்வாசி வீடுகளில் அப்பப்பாவின் பெயர், அவர் காலமாகிப் பத்து வருடம். முகவரியில் 'பிள்ளையார் கோவிலடி' என்று இருக்கும், வீட்டிலக்கம் இராது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் ஒழுங்கையின் பெயர், வங்கியில் வீதியின் பெயர். எங்களுக்கு எல்லாம் ஒரே வீடுதான். தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுவந்து தருவார். வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு அவை மூன்று வேறு இடங்கள்.

ஒரு முகவரியை முடிவு செய்யுங்கள். ஆங்கிலத்தில் அதன் எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதி பைலின் முன்னால் வையுங்கள். வங்கியில் உங்கள் முகவரியை அதேமாதிரி மாற்றி, உங்கள் பெயரும் முகவரியும் வரும் கூற்றை ஆங்கிலத்தில் எடுங்கள். மாணவருக்கு இதுதான் கைக்கெட்டிய சான்று. மின்சாரப் பட்டியலைப் பெயர் மாற்ற ஓட வேண்டியதில்லை. கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழைப் பிரதேச செயலரின் ஒப்பத்தோடு எடுத்து வைத்திருப்பதும் நல்லது. திகதியைப் பாருங்கள். பல நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு மேல் பழையதை ஏற்பதில்லை.

வீடியோவில் அடையாளம் காட்டும்போது அறுந்துவிடுகிறது

கடவுச்சீட்டின் மேல் பிளாஸ்ரிக் உறை இருந்தால் கழற்றுங்கள். ரியூப் லைட்டுக்கு நேர் கீழே இருக்காதீர்கள், படப் பக்கம் வெள்ளையாகப் பளிச்சிடும். பகலில் ஜன்னலைப் பார்த்து இருந்தால் போதும். ஜேர்மனியில் காலை 9 மணி என்பது இங்கே குளிர்காலத்தில் பகல் 1.30, கோடையில் 12.30. அந்த நேரத்தையே கேட்டு வாங்குங்கள்.

வரி இலக்கம் கேட்கும் கட்டத்தில் நிற்கிறது

அந்தக் கட்டம் கேட்பது தேசிய அடையாள அட்டை இலக்கத்தை அல்ல. எந்த நாட்டில் வரி வதிவாளர் என்றால் இப்போதைக்கு இலங்கை. இலக்கம் என்பது உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தரும் ரின் என்ற வரி இலக்கம். இணையவழியில் இலவசமாக எடுக்கலாம். அதை எடுப்பதால் மட்டும் வரி கட்ட வேண்டி வராது. பிள்ளைகள் பயப்படுவது இதற்குத்தான், பயப்படத் தேவையில்லை.

கணக்கு திறந்தாயிற்று, ஊர் வங்கி காசை அனுப்ப மறுக்கிறது

கவுண்டரில் இருப்பவர் உங்களுக்கு எதிராக நிற்கவில்லை. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் காசு வெளியே போவதை இரண்டாகப் பிரிக்கிறது: நடைமுறைக் கொடுக்கல்வாங்கல், மூலதனக் கொடுக்கல்வாங்கல். படிப்புச் செலவு முதலாவதில் அடங்கும். ஆவணம் இருந்தால் வங்கி அனுப்பலாம். வெளிநாட்டில் சேமித்து வைக்க, முதலீடு செய்ய என்றால் அது இரண்டாவது. அதற்கு வேறு கணக்குகள், வேறு எல்லைகள். "வெளிநாட்டில் கணக்கு திறந்திருக்கிறன், காசு போடவேணும்" என்று மொட்டையாகச் சொன்னால் அவர் இரண்டாவது பெட்டிக்குள்தான் போடுவார். "ஜேர்மனியில் படிக்கப் போறன், விசாவுக்கு வாழ்க்கைச் செலவுக் காசு கட்டவேணும்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தையும், புளொக் எக்கவுண்ட் திறந்த கடிதத்தையும், கடவுச்சீட்டையும் முன்னால் வையுங்கள். அப்பாவின் கணக்கிலிருந்து போகிறதென்றால் பிறப்புச் சான்றிதழும் வேண்டும்.

ஆவணம் எல்லாம் இருந்தும் நாணயம் இல்லை என்று நின்ற காலமும் இருந்தது. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டபிறகு 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. கணக்குப் போட்டுச் சேர்த்த காசு இரண்டு மாதத்தில் பாதியளவுக்குத்தான் காணும் என்று வந்து நின்ற பிள்ளைகளை நான் மறக்கவில்லை. அன்று தப்பியவர்கள் வெளிநாட்டு நாணயத்தை ரூபாயாக மாற்றாமல் வைத்திருந்தவர்கள். அதனால் மாமா வெளியிலிருந்து யூரோ அனுப்பினால் அதை ரூபாயில் எடுக்காதீர்கள். பி.எஃப்.சி.ஏ. என்ற தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கில் யூரோவாகவே விட்டு, அதிலிருந்து அனுப்புங்கள். ரூபாயாக மாற்றித் திரும்ப யூரோ வாங்கினால் இரண்டு இடத்தில் நட்டம்.

அனுப்பியாயிற்று, போய்ச் சேரவில்லை

முதலில் நாளை எண்ணுங்கள். வெள்ளி மத்தியானத்துக்குப் பிறகு கொடுத்தது வெள்ளிக்கணக்கில் போகாது. திங்கள் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, என்றால் எங்கள் வங்கிகள் பூட்டு. அங்கே பெரிய வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் யூரோ நகராது. ஆறு நாள் என்று கலங்கி வந்த பிள்ளைக்கு வேலை நாள் எண்ணிப் பார்த்தால் இரண்டுதான் இருந்தது. வேலை நாள் ஐந்தைத் தாண்டாவிட்டால் பொறுத்திருங்கள்.

தாண்டிவிட்டால் வங்கிக்குப் போய் அந்த அனுப்பலின் சுவிஃப்ட் பிரதி, அதாவது வங்கி மற்ற வங்கிக்கு அனுப்பிய செய்தியின் பிரதி, கேளுங்கள். எம்.டி. 103 என்று கேட்டால் விளங்கும். வடிவம் இப்போது மாறிவிட்டாலும் கவுண்டரில் அந்தப் பெயர்தான் புழங்குகிறது. உங்களுக்குக் கொடுத்த ரசீது காசு வாங்கியதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். இந்தத் தாள்தான் காசு என்ன சொல்லிக்கொண்டு புறப்பட்டது என்று காட்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, அடிமட்டத்தை வைத்து ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். பெறுநரின் கணக்கு: ஐபான் என்ற சர்வதேசக் கணக்கு இலக்கம் ஜேர்மனியுடையது என்றால் டி.ஈ. என்ற இரண்டு எழுத்தோடு சேர்த்து மொத்தம் 22. நாலு நாலாகப் பிரித்து எண்ணுங்கள், கடைசியில் இரண்டு மிஞ்சும். அதில் வரும் மூன்றாம் நாலாம் இலக்கங்கள் சோதனை இலக்கங்கள். ஒரு இலக்கம் மாறினால் கணினியே பிடித்துவிடும், அதனால் ஐபானில் பிழை அபூர்வம். பிழை இருப்பது அதற்குக் கீழே. பெறுநரின் பெயரைப் பாருங்கள். பழைய வடிவத்தில் ஒரு வரிக்கு 35 எழுத்துத்தான் கொள்ளும். பாலசுப்பிரமணியம் என்று அப்பாவின் பெயர் தொடங்கினால் பிள்ளையின் பெயர் நடுவில் அறுந்து நிற்கும். பிறகு குறிப்பு வரி. புளொக் எக்கவுண்ட் நிறுவனம் ஒரு குறிப்பு இலக்கம் தந்திருக்கும். காசு யாருடையது என்று அவர்கள் பிரிப்பதே அந்த இலக்கத்தால்தான். அங்கே 'படிப்புச் செலவு' என்று மட்டும் இருந்தால் காசு ஜேர்மனியில்தான் இருக்கும், யாருடையது என்று தெரியாமல்.

பெயர் அறுந்திருந்தாலும் குறிப்பு விடுபட்டிருந்தாலும் மருந்து ஒன்றே. அந்தப் பிரதியை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, குறிப்பு இலக்கத்தையும் எழுதுங்கள். காசு அங்கே கிடந்தால் அநேகமாக இவ்வளவோடு சேர்ந்துவிடும். கிடக்கவில்லை என்று பதில் வந்தால் யூ.ஈ.ரி.ஆர். என்று தாளில் இருக்கும் 36 எழுத்து இலக்கத்தைக் காட்டி, காசு எந்த வங்கியில் நிற்கிறது என்று உங்கள் வங்கியிடம் தேடச் சொல்லுங்கள். 'அனுப்பிவிட்டோம்' என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். எந்த வங்கியில், எந்தத் திகதியிலிருந்து என்று கேளுங்கள். அவர்களால் பார்க்க முடியும்.

சேர்ந்தது, ஆனால் குறைவாக

11,904 அனுப்பி 11,879 போய்ச் சேர்ந்தால் புளொக் எக்கவுண்ட் உறுதிக் கடிதம் வராது. ஒரு யூரோ குறைந்தாலும் வராது. இடையில் ஒரு வங்கி தன் கூலியை எடுத்திருக்கிறது. படிவத்தில் கட்டணம் யாருக்கு என்று ஒரு கட்டம் உண்டு: ஓ.யூ.ஆர். என்றால் எல்லாம் அனுப்புகிறவர் தலையில், எஸ்.எச்.ஏ. என்றால் இருவருக்கும் பங்கு. அந்தக் கட்டம் பெரும்பாலும் கவனிக்கப்படாமலே போய்விடும். ஓ.யூ.ஆர். போடச் சொல்லுங்கள், அப்படிப் போட்டும் சிலவேளை வழியில் கழியும் என்பதால், நிறுவனத்தின் கட்டணத்துக்கு மேலாகக் கொஞ்சம் கூட்டியே அனுப்புங்கள். மிஞ்சுவது உங்கள் கணக்கில்தான் இருக்கும். ஏற்கெனவே குறைந்துவிட்டால், அந்தச் சின்னத் தொகைக்கு இங்கிருந்து இன்னொரு ரி.ரி. போடாதீர்கள். கட்டணம் தொகையைவிடக் கூடிவிடும். சூரிச்சிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரரிடம் கேளுங்கள். சுவிஸும் பிரித்தானியாவும் செபா என்ற ஐரோப்பிய யூரோ அனுப்பும் வலையில் இருப்பதால் யூரோ மலிவாகவும் கெதியாகவும் போகும். அவர் உங்கள் குறிப்பு இலக்கத்தைப் போட வேண்டும், மறக்காதீர்கள்.

பரிஸ் மாமா அனுப்பும்போது 'பெறுநர் பெயர் பொருந்தவில்லை' என்று செயலி எச்சரித்தால் பயந்து நிறுத்த வேண்டாம். 2025 ஒக்டோபரிலிருந்து யூரோ நாடுகளில் பெயரையும் ஐபானையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். உங்கள் நிறுவனம் தந்த தாளில் பெறுநராக யார் பெயர் இருக்கிறதோ, எழுத்துப் பிசகாமல் அதையே போடச் சொல்லுங்கள். சிலவற்றில் அது உங்கள் பெயராக இராது.

காசு திரும்பி வந்துவிட்டது

இதில்தான் கூட நட்டம். போகும்போது வங்கியின் விற்பனை விலை, திரும்பும்போது கொள்வனவு விலை. யூரோவுக்குப் பத்து ரூபா வித்தியாசம் என்று வைத்தாலே 11,904 யூரோவுக்கு 1,19,040 ரூபா போய்விடும், கட்டணங்கள் வேறு. திரும்பி வருகிறது என்று தெரிந்தவுடனே வங்கிக்குப் போய், ரூபாயாக மாற்றாமல் யூரோவாகவே வைத்து, திருத்தி அனுப்பும்படி எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் போதாது, கடிதத்தின் பிரதியில் முத்திரை வாங்குங்கள். ரூபாயாக மாறியபிறகு முகாமையாளராலும் செய்ய அதிகம் இல்லை.

ஏன் திரும்பியது என்பதையும் வாங்குங்கள். நான் கண்டவரை முதலிடம், கணக்குக்காரர் அல்லாத ஆள் அனுப்பியதற்கு. அப்பா அம்மா அனுப்பினால் ஏற்கும் நிறுவனங்கள் உண்டு, மச்சான் அனுப்பினால் ஏற்காதவையும் உண்டு. அனுப்ப முதல் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வைத்திருங்கள். முடிந்தால் பிள்ளையின் சொந்தக் கணக்கில் போட்டு அங்கிருந்து அனுப்புவதுதான் நிம்மதி.

"இந்தக் காசு எங்கிருந்து வந்தது?" என்று கேட்கிறார்கள்

இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரும், அவமானமாகவும் இருக்கும். இரவு பகலாக உழைத்த காசைச் சந்தேகப்படுகிறார்கள் என்று. ஆனால் அந்த மின்னஞ்சலை எழுதியவருக்கு உங்களைத் தெரியாது. கையில் இருப்பது உங்கள் வங்கிக் கூற்று ஒன்றுதான். அதில் ஆறு மாதம் பத்தாயிரம் பதினையாயிரம் என்று ஓடிக்கொண்டிருந்த கணக்கில் ஒரே நாளில் நாற்பது இலட்சம் ரொக்கமாக விழுந்திருந்தால் அவர் கேட்கத்தான் செய்வார்.

ஒவ்வொரு பெரிய தொகைக்கும் பக்கத்தில் ஒரு தாள் வையுங்கள். நகை அடகு என்றால் வங்கியின் அடகுச் சீட்டு. காணி விற்றதென்றால் உறுதிப் பத்திரத்தின் பிரதியும் வாங்கியவர் கொடுத்த காசோலை கணக்கில் விழுந்த வரியும். நிலையான வைப்பை உடைத்ததென்றால் அதன் கடிதம். அண்ணன் அனுப்பியதென்றால் வங்கி மூலம் வந்த வரவுத் தாள், அவருடைய சம்பளத் தாள், இருவரும் ஒரு தாய் பிள்ளைகள் என்று காட்டும் பிறப்புச் சான்றிதழ்கள். பிறகு ஒரு பக்கத்தில், திகதி வாரியாக, இன்ன தொகை இன்ன வழியில் வந்தது என்று ஐந்தாறு வரி எழுதி மேலே வையுங்கள். அந்த ஒரு பக்கத்தோடு முடிந்த விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

உண்டியலில், அதாவது வங்கியில்லாமல் கைமாற்றாக, வந்த காசுக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. யாரோ ஒரு தம்பி மோட்டார்சைக்கிளில் வந்து பையைத் தந்துவிட்டுப் போனார், அதைக் கணக்கில் போட்டோம் என்பதற்கு எந்தத் தாளும் கிடையாது. விலை நாலு ரூபா கூடக் கிடைத்திருக்கும், ஆனால் பிள்ளையின் விசா அந்த நாலு ரூபாயில் தொங்கும். படிப்புக் காசை உண்டியலில் எடுக்காதீர்கள். அண்ணனிடம் இப்போதே சொல்லுங்கள், வங்கி வழியாகவே அனுப்பட்டும்.

பத்து இலட்சத்துக்கு மேல் ரொக்கம் போட்டால் அறிவிப்பார்கள் என்று கேள்விப்பட்டு, ஒன்பது ஒன்பது இலட்சமாகப் பிரித்துப் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டப்படி பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட ரொக்கத்தை வங்கி மத்திய வங்கியின் நிதி உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கும். அது வழமையான அறிக்கை, குற்றச்சாட்டு அல்ல. பிரித்துப் போடுவதுதான் சந்தேகத்துக்கு உரியது என்று தனியாக அறிவிக்கப்படும். நேர்மையான காசை நீங்களே களவுக்காசு போல ஆக்கிவிடுவீர்கள்.

அங்கே இறங்கியாயிற்று, மாதக் காசு வரவில்லை

புளொக் எக்கவுண்டிலிருந்து 992 யூரோ நேரே கைக்கு வராது. அங்கே உங்கள் பெயரில் ஒரு சாதாரண நடைமுறைக் கணக்கு வேண்டும். அதற்கு முதல் இருக்கும் இடத்தை நகர அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் ஒப்பமிட்ட தாள் வேண்டும். நண்பனின் அறையில் பதியாமல் தங்கினால் சங்கிலி முதல் கண்ணியிலேயே நின்றுவிடும். பதிவுக்கு முன்பதிவு நேரம் கிடைக்கப் பெரிய நகரங்களில் வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் விசா கையில் வந்த அன்றே, யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே அந்த நேரத்தைப் போட்டு வையுங்கள். முதல் இரண்டு மாதச் செலவுக்குத் தனியாகக் கொஞ்ச யூரோவும் கொண்டுபோங்கள். புதிய கணக்குத் திறக்கும்போது பெயரைக் கேட்பார்கள். கடவுச்சீட்டின் அடிவரியைப் பார்த்து, இங்கே பிரித்தமாதிரியே அங்கேயும் பிரித்து எழுதுங்கள்.